ஏழாம் அத்தியாயத்துப் பிழை

ஞானஒளிவுபுரம், மதுரை
11 ஜூன் 2023

சத்யா,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் எம்.எஸ்சி. குரூப்பிலிருந்தும் போய்விட்டாய். வில்லாபுரம் வீட்டு முகவரி மட்டும் மாறியிருக்காது என்று நம்பி இந்தத் தாள் கட்டைக் கூரியரில் அனுப்புகிறேன். பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. மேலே இருக்கும் இந்தக் கடிதத்தையாவது படி.

நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். தமிழ்வழி பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு வகை நுண்கணிதம். இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் இறங்கினேன். பதிப்பகத்தார் ஜூலை பத்துக்குள் மெய்ப்பு பார்த்துத் தரச் சொல்கிறார்கள். மொத்தம் பதினோரு அத்தியாயம். ஏழாவது, டெய்லர் பல்லுறுப்புக்கோவையில் பிழையை மதிப்பிடுவது. அந்த அத்தியாயத்தை உன்னைத் தவிர வேறு யாரிடமும் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்காரர் ஆலனிடம் சொன்னேன். "ஒரு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத புள்ளகிட்ட ஏன் போய் நிக்கிற? ஒங்க காலேஜ்லயே யாருமில்லையா?" என்றார். இருக்கிறார்கள். ஆனால் நம் வகுப்பில் கணக்கு தெரிந்தவள் நீ. நான் மார்க் வாங்கத் தெரிந்தவள். இதை நான் வாயால் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை.

இன்டர்வியூ விஷயத்தில் உனக்குக் கோபம் என்று தெரியும். ஒரே இடம், நாம் இரண்டு பேர். அவர்கள் என்னை எடுத்ததற்கு நான் என்ன செய்ய?

புத்தகத்தில் உனக்கு நன்றி போடுவேன். முடியாது என்றால் அதையும் எழுதிவிடு.

மேரி


வில்லாபுரம்
4 ஜூலை 2023

ஆன்மேரி அவர்களுக்கு,

கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். மொத்தம் அறுபத்திரண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் படம் 3.4 தலைகீழாக இருக்கிறது. ஒன்பதாவதில் இரண்டு பக்கம் இடம் மாறியிருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டதால் இன்டர்வியூவைப் பற்றியும் எழுதுகிறேன். இனி ஒருமுறை கேட்கமாட்டீர்கள் அல்லவா?

முந்தின நாள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாம் நின்றுகொண்டிருந்தோம். மாதிரி வகுப்புக்கு டெய்லர் மீதி என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். "சத்யா, எனக்கு இது வரவே வராதுடி" என்று நீங்கள் அழுகிற நிலையில் இருந்தீர்கள். நான் எதிரே நின்ற செக்கானூரணி வண்டியைக் காட்டினேன். "இது கெளம்பிப் பத்து நிமிசத்துல எங்க நிக்கும்னு நமக்குத் தெரியாது. ஆனா வழியில எந்த எடத்துலயும் அறுபது கிலோமீட்டர் வேகத்தத் தாண்டாதுன்னு தெரிஞ்சா, பத்துக் கிலோமீட்டருக்கு அங்கிட்டுப் போயிருக்காதுன்னு அடிச்சுச் சொல்லலாம்ல? மீதியும் அம்புட்டுத்தான். சரியான விடை தெரியாது. எம்புட்டுத் தப்பியிருக்கும்ங்கிறதுக்கு ஒரு எல்லை தெரியும்" என்றேன். பிறகு என் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் 1.1-இன் வர்க்கமூலத்தைப் போட்டுக் காட்டினேன். அது மறுநாள் நான் எடுக்க வைத்திருந்த வகுப்பு.

அகரவரிசையில் உங்களை முதலில் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டது: "ஆரப்பாளையத்தில் இருந்து ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்." உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு என்னைக் கூப்பிட்டபோது என் கையில் ஒன்றுமில்லை. நான் என்ன நடத்தினேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போதும் மணிக்கணக்குச் சம்பளத்தில்தான் பாடம் நடத்துகிறேன். நன்றாகவே நடத்துகிறேன்.

சத்யப்ரியா


ஞானஒளிவுபுரம்
17 டிசம்பர் 2023

சத்யா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் உன் வகுப்பை எடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்ததும் நான் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. வாயைத் திறந்தேன், உன் பஸ்தான் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. அவர்கள் சிரித்தது பிடித்திருந்தது. வெளியே வந்து உன் முகத்தைப் பார்த்தபோதே உனக்குக் கேட்டுவிட்டது என்று புரிந்தது. அன்றைக்கே "மன்னிச்சுக்கடி" என்று சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொல்லவில்லை. திருடினேன் என்றே வைத்துக்கொள். ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. இத்துடன் ஒரு பிரதி. போன ஞாயிறு கல்லூரி அரங்கில் வெளியிட்டார்கள். எங்கள் துறைத்தலைவர் பிலோமினாள் மேடம் பேசும்போது ஏழாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்துக் காட்டி, "இம்புட்டு எளிமையா மீதியைச் சொல்ல முடியும்னு எனக்கே தெரியாது" என்றார். மூன்று கல்லூரிகளில் பாடத்துக்குப் பரிந்துரை செய்திருக்கிறார்கள். அப்பா சத்தியசீலன் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர், ஒரு புத்தகம் எழுத முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு.

உனக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேரி


வில்லாபுரம்
2 ஜனவரி 2024

மேரி,

வந்தேன். அரங்கின் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தேன். மேடையில் நீ பச்சைப் பட்டு உடுத்தி, கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தாய். பிலோமினாள் மேடம் என் பஸ்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் முடியும்வரை நின்றுவிட்டு பழங்காநத்தம் ரவுண்டானா வரை நடந்தே போனேன். இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

நன்றியுரைப் பக்கத்தைப் பார்த்தேன். ஏழு பேர் பெயருக்குப் பிறகு, "மெய்ப்பு பார்த்து உதவிய தோழி சத்யப்ரியா" என்று இருக்கிறது. டைப் அடித்துக் கொடுத்தவருக்கு அடுத்த இடம்.

எனக்கு உன்மேல் பொறாமை. அதை மரியாதையான வேறு சொல்லால் மூடிப் பார்த்தேன், முடியவில்லை. உன் வேலை, உன் புத்தகம், முன்வரிசையில் அழ ஒரு அப்பா, எல்லாவற்றின்மேலும்தான். எங்கள் அப்பா நான் எம்.எஸ்சி. முடித்தபோதே, "பாஸாயிட்டேல்ல, பெறகென்ன" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இனி எழுதாதே.

சத்யா


வில்லாபுரம்
9 மே 2024

மேரி,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் உன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள். பக்கம் 143.

முதல் எடுத்துக்காட்டு என்னுடைய 1.1-இன் வர்க்கமூலம். அங்கே பிழையின் எல்லையைக் காண, மையப்புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பை எடுத்திருக்கிறாய். அது சரி. ஏனென்றால் அந்தச் சார்பில் மையத்திலிருந்து போகப்போக இரண்டாம் வகைக்கெழு அளவில் குறைந்துகொண்டே வரும். ஸ்டாண்டிலிருந்து வேகமாகக் கிளம்பிப் போகப்போக மெதுவாகிற வண்டி மாதிரி. கிளம்பும்போது இருக்கிற வேகம்தான் அதன் உச்ச வேகம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு e என்ற எண்ணின் மதிப்பு. மூன்றாம் படி வரை போட்டு 2.6667 என்று கண்டிருக்கிறாய். அதுவும் சரி. அடுத்து, "முன்போலவே மையத்தில் மதிப்பை எடுத்துக்கொள்வோம்" என்று எழுதி, 1-ஐ 24-ஆல் வகுத்து, பிழை 0.0417-க்கு மிகாது என்று முடித்திருக்கிறாய். அந்த வண்டி போகப்போக வேகம் கூடுகிற வண்டி, மேரி. கிளம்பின வேகத்தை வைத்து அதற்கு எல்லை போட முடியாது. இடைவெளி முழுவதிலும் எது பெரிய மதிப்போ அதை எடுக்க வேண்டும். e மூன்றுக்குக் குறைவு என்று வைத்தால் 3-ஐ 24-ஆல் வகுத்து 0.125. நம்பிக்கை இல்லையென்றால் e-இன் உண்மை மதிப்பான 2.7183-இலிருந்து 2.6667-ஐக் கழித்துப் பார். 0.0516 வரும். உண்மையான பிழையே நீ போட்ட எல்லையைத் தாண்டி நிற்கிறது.

என் உதாரணத்தை எடுத்துக்கொண்டாய். அது ஏன் சரி என்பதை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் பங்கு. இதைப் போன வருஷம் ஜூலையிலேயே பார்த்தேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு அழித்தேன். அச்சாகட்டும், யாராவது ஒருநாள் சபையில் எழுந்து கேட்கட்டும், அன்றைக்கு இவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். "சொல்வதற்கு எதுவும் இல்லை" என்று உனக்கு எழுதினேன்.

எங்கள் தெருவில் பாண்டீஸ்வரி என்று ஒரு பெண், பி.எஸ்சி. முதல் வருஷம். ஜனவரியில் உன் புத்தகத்தோடு வந்து, "அக்கா, இது நல்ல புத்தகமாக்கா? இத நம்பிப் படிக்கலாமா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கும், படி" என்று சொன்னேன். பரீட்சை முடிந்து வந்து, "டெய்லர் கணக்கு அப்பிடியே வந்துருச்சுக்கா. பத்துக்குப் பத்து" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இந்த வாரம் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கிறேன். விதிப்படி இதை உனக்கு எழுதக் கூடாது, எழுதுகிறேன். கேள்வி அதேதான். எனக்கு வந்த கட்டு நாற்பது தாள். இருபத்தாறில் "முன்போலவே மையத்தில் மதிப்பை எடுத்துக்கொள்வோம்" என்ற வரி. சில பிள்ளைகள் "முன்போலவே" என்பதைக்கூட விடவில்லை. முன்னே எதுவும் இல்லாத விடையில் முன்போலவே. எல்லை காண்பதற்குத்தான் விடைக்குறிப்பில் ஆறு மதிப்பெண். இருபத்தாறு தாளிலும் என் கையால் சிவப்புக் கோடு போட்டேன். மூன்று தாள் அந்த ஆறு மதிப்பெண்ணால் தேர்ச்சி இழக்கிறது. பக்கத்து மேஜைகளிலும் இதேதான்.

முதன்மைத் தேர்வாளர் கருத்தக்கண்ணன் சாரிடம் போனேன். "சார், இது பிள்ளைக தப்பில்ல, புத்தகத்துல அப்பிடி இருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "புத்தகத்துல தப்பா இருந்தா தப்பு ரைட்டாயிருமாம்மா? புத்தகம் எழுதுனவங்க வந்து தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். கன்ட்ரோலர் சொன்னாப் பார்ப்போம். அதுவும் ரிசல்ட்டுக்கு முன்னால" என்றார்.

ரிசல்ட் மாதக் கடைசியில்.

சத்யா


ஞானஒளிவுபுரம்
12 மே 2024

சத்யப்ரியா,

கழித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

பத்து மாதம். உன்னிடம் மட்டும்தான் காட்டினேன். "கணக்கு தெரிந்தவள் நீ" என்று என் கையால் எழுதி, அதே கையால் கட்டு கட்டி அனுப்பினேன். அறுபத்திரண்டு எழுத்துப்பிழையைப் பார்த்த கண் இதை மட்டும் பார்க்காது என்று நான் எப்படி நினைப்பேன்? நீ சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றதால்தான் மறுபடி பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் என் தகுதிகாண் பருவம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கோப்பு கமிட்டி முன்னால் இருக்கிறது. அதில் முதல் தகுதியாக இந்தப் புத்தகத்தைத்தான் காட்டியிருக்கிறேன். இந்த நேரம் பார்த்து "என் புத்தகம் தப்பு" என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறாய். நீ காத்திருந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்று நீ சொன்னாலும் இனி நம்பமாட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்கிறேன். பிள்ளைகள் மறுகூட்டல் போடட்டும், மறுதேர்வு எழுதட்டும். நீயும் நானும் அரியர் எழுதாமலா வந்தோம்?

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புத்தகம் அவர் மேஜையில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆன்மேரி


வில்லாபுரம்
15 மே 2024

மேரி,

நீ அரியர் எழுதியதில்லை. நான் ஒன்று எழுதினேன். அந்த ஆறு மாதம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள், உனக்குத் தெரியும். இந்த மூன்று தாளில் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

காத்திருந்தது இதற்குத்தான் என்றாய். ஆமாம். உன்னை ஒருநாள் இப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அந்த நாள் வந்தபோது அது இருபத்தாறு பிள்ளைகளின் கையெழுத்தில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

வருகிற திங்கட்கிழமை, இருபதாம் தேதி, காலை பத்தரைக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். நான் கொடுக்கப்போகும் கடிதத்தின் நகல் இத்துடன். படித்துப் பார். அதில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புத்தகத்தின் பெயர், பக்க எண், பிழை, சரியான விடை, பிறகு இந்த வரி: "மேற்படி நூலுக்கு மெய்ப்பு பார்த்தவள் நான். ஜூலை 2023-லேயே இப்பிழை எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்லாமல் விட்டேன்."

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது. "வாயத் தொறந்து சொல்லிருந்தா ஒனக்கு என்னடி கொறஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டாள்.

வர வேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை.

சத்யா


வில்லாபுரம்
28 ஜூன் 2024

மேரி,

அன்று அந்த அலுவலகத்து பெஞ்சில் ஒன்றேகால் மணிநேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. என் கடிதத்தை வாங்கி, அதன் கீழேயே "நூலாசிரியர் என்ற முறையில் பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். பேனாவைக் கூட என்னிடம் கேட்கவில்லை, எதிரே இருந்த பியூனிடம் கேட்டாய்.

ரிசல்ட் பதினொரு நாள் தள்ளி வந்தது உனக்கும் தெரிந்திருக்கும். புத்தகத்தின் வழியில் படிப்படியாகச் சரியாகப் போட்ட எல்லோருக்கும் அந்த ஆறில் நான்கு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாண்டீஸ்வரி தேர்ச்சி. அவள் இனிப்பு கொண்டுவந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் ஒங்களக் கேட்டுட்டுத்தானக்கா படிச்சேன்" என்றாள். பிறகு இனிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதற்குப்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

என்னை இரண்டு வருஷத்துக்கு விடைத்தாள் திருத்தக் கூப்பிட மாட்டார்கள். உனக்குத் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் ஒரு நொடி எனக்கு மனசு குளிர்ந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், இனி உன்னிடம் எதையும் மறைக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்த நொடிக்குப் பிறகு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாட்டேன் என்று எழுதியவள் ஏன் வந்தாய்?

சத்யா


ஞானஒளிவுபுரம்
6 ஆகஸ்ட் 2024

சத்யா,

ஏன் வந்தேன் என்று கேட்டாய். ஆலன் கேட்டபோது "மனசாட்சி" என்றேன். அப்பா கேட்டபோது "பிள்ளைகளுக்காக" என்றேன். அவர் என் தலையில் கைவைத்துச் சிலுவை போட்டார். இரண்டுமே முழுசாக உண்மை இல்லை.

உன் கடிதத்தின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் உன் குற்றம் மட்டும்தான் இருந்தது. நீ தனியாகப் போய் அதைக் கொடுத்தால் நீ நேர்மையானவளாக வெளியே வருவாய், நான் வீட்டில் ஒளிந்தவளாக இருப்பேன். கணக்கிலும் நீ மேல், இதிலும் நீ மேல். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு பூசையில் உட்கார்ந்து வேறு நினைவே இல்லாமல் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி ஏறிவிட்டேன். நான் நல்லவளாகி வரவில்லை. நீ மட்டும் நல்லவளாவதைத் தடுக்க வந்தேன்.

எம்.எஸ்சி. இரண்டு வருஷமும் எனக்கு உன்மேல் அப்படித்தான் இருந்தது. நீ கரும்பலகையில் கணக்குப் போடும்போது சார் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். நான் போடும்போது எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். என்மேல் பொறாமை என்று நீ எழுதியபோது, உண்மையாகச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை நான்கு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தி, பழைய பிரதிகளில் ஒட்டத் தனித்தாள் அடித்துக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிட்டோம். அதை நான் எழுதவில்லை. உன் மே மாதக் கடிதத்தில் வேகம் கூடுகிற வண்டி, குறைகிற வண்டி என்று எழுதியிருந்த பத்தியை அப்படியே கொடுத்து, கீழே "எழுதியவர்: சத்யப்ரியா" என்று போடச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டிக்கொள். பிலோமினாள் மேடம் அதைப் படித்துவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு? இவங்கள ஏன் நாம விட்டோம்?" என்று துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் குனிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இத்துடன் ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. எங்கள் துறையில் ஒரு இடம் காலியாகிறது. நிரந்தர இடம். விளம்பரத்தோடு இதையும் மேடம் வெள்ளிக்கிழமையே என் கையில் கொடுத்து, "ஒங்க ஃபிரண்டுக்கு அனுப்பிருங்க" என்றார். அனுப்பவில்லை. நீ இங்கே வந்தால் ஒரு வருஷத்தில் பிள்ளைகள் உன் வகுப்பைத்தான் கேட்பார்கள், எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு, நேற்று, மூன்று நாள் அதை மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். இன்று காலை எடுத்து உறையில் போட்டபோதும் சந்தோஷமாகப் போடவில்லை.

விண்ணப்பம் சேரக் கடைசி நாள் வருகிற வெள்ளி. தபாலில் போட்டால் சேராது என்பதால் ஆலனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வாசலில் நிற்கும்போதே பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிடு. நாளை நானே ஆபீசில் சேர்க்கிறேன். என்னிடம் ஒருநாளைக்கு மேல் அது இருக்க வேண்டாம்.

மேரி